டார்க் ரெஞ்ச் வாங்கியும் டிரெயின் போல்ட் மரை போய்விட்டது, எங்கே தப்பு செய்தேன்?

சிங்காநல்லூர் சிட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள், வீட்டில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

வண்டி 2014 ஹோண்டா சிட்டி, பெட்ரோல். போன மாதம் ஒரு பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து டர்ர்ர் என்று வீல் நட்டுகளை இறுக்கிக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து பாலக்காடு போகும் வழியில் அதே சக்கரம் மறுபடி பஞ்சர். வண்டியோடு வந்த ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்று குதித்தும் நட்டு அசையவில்லை. ஒரு லாரி டிரைவர் பைப் கொடுத்து உதவினார், இல்லையென்றால் அன்றைக்கு ராத்திரி அங்கேதான். அப்போதே முடிவு செய்தேன், இனி இந்த வேலையை நானே செய்வது என்று. ஆன்லைனில் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினேன், அதாவது எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனர். அரை இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு), வைத்த அளவு வந்ததும் க்ளிக் என்று சத்தம் கொடுக்கும் வகை, முறுக்கு அளவு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை.

போன ஞாயிறு நாலு சக்கரத்து நட்டுகளையும் கழற்றி, மேனுவலில் சொன்னபடி 108 வைத்து இறுக்கினேன். அழகாக க்ளிக் க்ளிக் என்றது. சந்தேகத்துக்கு ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டு க்ளிக் வைத்தேன். அந்த உற்சாகத்தில் ஆயிலையும் மாற்றிவிடலாம் என்று இறங்கியதுதான் வினை. பழைய ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு 39 என்று இருக்கிறது. 39 வைத்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுத்தேன். க்ளிக் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வரவில்லை. திடீரென்று வெண்ணெயில் கரண்டி விட்ட மாதிரி கை லேசாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் போல்ட் மரையில் அலுமினியம் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு வருகிறது, முறுக்குக் கம்பி மாதிரி.

இப்போதைக்கு டெஃப்லான் டேப் சுற்றி மாட்டி வைத்திருக்கிறேன். சொட்டு சொட்டாக ஒழுகுகிறது. வண்டி நகரவில்லை.

ரெஞ்ச் டூப்ளிகேட்டா? க்ளிக் சத்தம் சில சமயம் வராதா? சம்ப்புக்கு, அதாவது அந்தப் போல்ட் ஏறும் அலுமினிய ஆயில் தொட்டிக்கு, என்ன செய்வது? பத்து வருஷமாக எந்தக் கருவியும் இல்லாமல் எந்த மெக்கானிக்கோ இறுக்கி நன்றாக ஓடிய போல்ட், நான் அளவு பார்த்து இறுக்கிய அன்றைக்குப் போனதுதான் ஆறவில்லை.

ஸ்பேனர் சித்தப்பா எழுதியது:

தம்பி, முதலில் அந்த டெஃப்லான் டேப்பைப் பிடுங்கிப் போடு. அது தண்ணிக் குழாய்க்கு. பிய்ந்து ஆயிலுக்குள் போனால் ஸ்ட்ரெய்னரில், அதாவது ஆயில் சல்லடையில், போய் உட்காரும்.

நான் சேலத்தில் 31 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டிரெயின் போல்ட்டுக்கு டார்க் ரெஞ்ச் எடுத்தது கிடையாது. 17 ரிங் ஸ்பேனரை ஓரத்தில் பிடிக்காமல் நடுவில் பிடித்து இழுத்தால், வாஷர் நசுங்குவது கையிலேயே தெரியும், அங்கே நிறுத்த வேண்டும். நீ சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருந்தாய், கை சொன்னதைக் கேட்கவில்லை. டைட் ஏறிக்கொண்டே வர வேண்டிய போல்ட், ஏறாமல் சும்மா சுற்றிக்கொண்டே போகிறது என்றால் மரை போகிறது என்று அர்த்தம். அந்த நொடியே கையை எடுத்திருக்க வேண்டும்.

கருவியைக் குறை சொல்லவில்லை. இன்ஜின் ஹெட்டை (சிலிண்டர்களை மூடும் மேல் பாகம்) மாட்டி இறுக்கும்போது நானும் டார்க் ரெஞ்ச்தான். அதைக் கையில் எடுத்துவிட்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடலாம் என்று நினைக்காதே, அவ்வளவுதான்.

பழைய டீசல் எழுதியது:

சித்தப்பா சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. நான் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜின் அசெம்பிளி லைனில் இருந்து ஓய்வு பெற்றவன். டார்க் ரெஞ்ச்சோடு குடும்பம் நடத்தியவன் என்று சொல்லலாம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ரெஞ்ச்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கெட்டுப்போன க்ளிக் ரெஞ்ச் ஒன்றை ஒரு நாள் வீட்டு மேஜையில் பிரித்துப் போட்டேன். வெளியே தெரியும் குழாய் வெறும் உறை. அதற்குள் தடித்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. கைப்பிடியைத் திருகும்போது அந்த ஸ்பிரிங்கைத்தான் நசுக்குகிறோம், 108 வைப்பதும் 39 வைப்பதும் ஸ்பிரிங் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதன் கணக்குதான். ஸ்பிரிங்கின் முன்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன இரும்புக் கட்டை. கட்டைக்கு அந்தப் பக்கம் சாக்கெட் மாட்டும் தலையின் வால். ஸ்பிரிங் தள்ளுவதால் கட்டை நேராக நிற்கும், தலையும் உறையும் ஒரே துண்டு மாதிரி நடந்துகொள்ளும். நாம் இழுக்கும் இழுப்பு ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டியதும் கட்டை சாய்ந்துவிடும், வால் போய் உறையின் சுவரில் இடிக்கும். அந்த இடிதான் க்ளிக். வேறு மாயம் எதுவும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டை சாய்ந்த பிறகு வால் சுவரில் முட்டி நிற்கிறது. அதற்கு மேல் இழுத்தால் அது வெறும் நீளமான ஸ்பேனர். எதுவும் உங்களைத் தடுக்காது. க்ளிக் கேட்டதும் நிறுத்துவது ரெஞ்ச்சின் வேலை இல்லை, உங்கள் வேலை. 'சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு க்ளிக்' என்பது நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கும் வியாதி. மெதுவாக ஒரே சீராக இழுத்து ஒரு க்ளிக், கதை முடிந்தது. வெடுக்கென்று இழுத்தாலும் தப்பு, க்ளிக் வருவதற்குள் கை அளவைத் தாண்டிவிடும். பிடிக்கும் இடமும் முக்கியம், கைப்பிடியின் நடுவில் விரல்கள் இருக்க வேண்டும்.

அப்புறம், 28-210 ரெஞ்ச்சில் 39 என்பது கிட்டத்தட்ட அடிமட்டம். பொதுவாக உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது, உங்களுடையதில் அது 42. இந்தக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தர அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட ரெஞ்ச்சுக்குப் பொதுவாக 4 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்கிறது, அதையே அடிமட்டத்திலும் எதிர்பார்க்க முடியாது. அங்கே ஸ்பிரிங் சோம்பலாக இருக்கும், க்ளிக்கும் சன்னமாக இருக்கும். டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றுக்கும் 3/8 டிரைவில் சின்ன ரெஞ்ச் தனியாக வேண்டும். 14 மில்லிமீட்டர் மரை உள்ள ஸ்பார்க் பிளக் அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான். 10 மில்லிமீட்டர் என்றால் 10, 12-ஓடு சரி. இதையெல்லாம் அரை இஞ்ச் ரெஞ்ச்சில் செய்வது நகைக்கடையில் அரிசி மூட்டைத் தராசு வைத்த மாதிரி.

ஆனாலும் 39 வைத்ததாலேயே மரை போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கேள்வி. உங்கள் ரெஞ்ச் குழாயில் எத்தனை வரிசை எண்கள் இருக்கின்றன? கைப்பிடி 39-ல் இருக்கும்படி வைத்து ஒரு படம் போடுங்கள், இரண்டு பக்கமும்.

சிங்காநல்லூர் சிட்டி எழுதியது:

படம் போட்டிருக்கிறேன் ஐயா. போட்டுவிட்டு நானே பார்த்தேன். தலை சுற்றுகிறது.

ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், திருப்பிப் பிடித்தால் ஃபுட் பவுண்ட். நான் பார்த்து வைத்தது ஃபுட் பவுண்ட் பக்கம். நாலு சக்கரத்துக்கும் அதே பக்கம்தான். பெட்டியைப் பிரித்தபோது அந்தப் பக்கம் மேலே இருந்தது, இன்னொரு பக்கம் இருப்பதே தெரியாது.

பழைய டீசல் எழுதியது:

நினைத்தேன். ஒரு ஃபுட் பவுண்ட் என்பது 1.356 நியூட்டன் மீட்டர். நீங்கள் 39 என்று வைத்தது உண்மையில் 53. சக்கரத்துக்கு வைத்த 108 உண்மையில் 146. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, லைனில் புதுப் பையன்கள் வந்தால் முதல் வாரம் நான் தேடுவது இந்தத் தப்பைத்தான். சில மேனுவலில் கேஜி மீட்டரும் இருக்கும், உங்கள் 108 அங்கே 11 என்று போட்டிருக்கும், 39 என்பது 4. மூன்று அளவு, ஒரே போல்ட்.

க்ளிக் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது. ரெஞ்ச் 53 வரட்டும் என்று காத்திருந்தது. மரையால் 53 வரை தாங்க முடியவில்லை. அதற்கு முன்பே அலுமினியம் இழுபட ஆரம்பித்துவிட்டால் இழுப்பு ஏறவே ஏறாது, ஏறாத இழுப்புக்கு எந்த ரெஞ்ச்சும் க்ளிக் அடிக்காது. பத்து வருஷமாகப் பல பேர் கை பட்ட மரை என்பதும் சேர்ந்துகொண்டது. புதிய சம்ப் என்றால் ஒருவேளை தப்பித்திருப்பீர்கள். ரெஞ்ச் மேல் பழி போடாதீர்கள்.

ஸ்பேனர் சித்தப்பா எழுதியது:

பார்த்தாயா, கை கணக்கில் ஃபுட் பவுண்ட் கிடையாது, ஹா ஹா.

சரி சம்ப்புக்கு வா. அந்தப் போல்ட் 14 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி (பிட்ச்) ஒன்றரை மில்லிமீட்டர். மூன்று வழி இருக்கிறது. ஓவர்சைஸ் போல்ட் என்று மரையைத் தானே வெட்டிக்கொண்டு போகும் போல்ட் விற்கிறார்கள், அதை வாங்காதே, அடுத்த ஆயில் சேஞ்சில் மறுபடி இங்கே வந்து கேள்வி கேட்பாய். இரண்டாவது, பழைய மரையைத் துளைத்துப் பெரிதாக்கி உள்ளே ஸ்டீல் மரை உட்கார்த்துவது, லேத் பட்டறையில் கேட்டால் ஹெலிகாயில் என்று சொல்வார்கள், நன்றாகச் செய்தால் அசல் மரையைவிடப் பலம். கோயமுத்தூரில் இல்லாத லேத்தா? சம்ப்பைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடு, வண்டியில் வைத்தபடியே துளைத்தால் தூள் முழுக்க உள்ளே விழும். மூன்றாவது புது சம்ப். செலவு பார்த்துக்கொள். எப்படியிருந்தாலும் போல்ட்டும் வாஷரும் புதிது போடு. வாஷர் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டியது, முப்பது நாப்பது ரூபாய்க்குக் கஞ்சத்தனம் பண்ணித்தான் ஒழுகுகிறது என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கி மரையைக் கொல்கிறார்கள்.

வீல் நட்டை எல்லாம் லூஸ் பண்ணி மறுபடி இறுக்கு. இந்தத் தடவை ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைத் தண்டு) ஒரு சொட்டு கிரீஸ் வை, அடுத்த தடவை பைப் தேட வேண்டாம்.

டோர்ட்முண்ட் தமிழன் எழுதியது:

கிரீஸ் மட்டும் வேண்டாம் அண்ணை, கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் யாழ்ப்பாணம், இப்போது ஜேர்மனியில். இங்கே டார்க் ரெஞ்ச் என்பது கராஜ்காரர்களின் சாமான் மட்டும் இல்லை, கார் வைத்திருக்கிற பலருடைய வீட்டிலும் ஒன்று கிடக்கும். காரணம் பனி. ஒக்டோபரில் குளிர்கால ரயரை மாட்டி, ஈஸ்டருக்குக் கழற்றி கோடைகால ரயர் மாட்டுவோம். வருடத்துக்கு இரண்டு தடவை நாலு சில்லும் கழன்று ஏறும். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: சில்லு என்றால் சக்கரம்.) பன்னிரண்டு வருடமாக என் போலோவுக்கு நானே மாற்றுகிறேன், 120 நியூட்டன் மீட்டர். அதில் ஸ்டட் கிடையாது, நேராக போல்ட்தான், சில்லை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் துளை தேடுகிற கொடுமையை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

முதல் வருடம் நானும் கிரீஸ் வைத்தேன், நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில். பக்கத்து வீட்டுக் கிழவர் பார்த்துவிட்டு, வேலையை நிறுத்தச் சொல்லி, துணியும் பிரேக் கிளீனரும் கொண்டுவந்து ஒவ்வொரு போல்ட்டாகத் துடைக்க வைத்தார். மரை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன ஒரே வசனம். ஏன் என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை, அல்லது என் ஜெர்மன் அன்றைக்குப் போதவில்லை.

இன்னொன்று அவரிடம் கற்றது. சில்லு போய் உட்காருகிற ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது. அங்கே துருப்பொருக்கு இருந்தால் இறுக்கும்போது க்ளிக் வரும், ஆனால் இறுகியது துரு. ஓடும்போது துரு நொறுங்கிவிடும், நட்டு தளர்ந்துவிடும். 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்கிப் பாருங்கள் என்று இங்கே கராஜில் துண்டுச்சீட்டே தருவார்கள்.

பழைய டீசல் எழுதியது:

டோர்ட்முண்ட் தம்பிக்கு அந்தக் கிழவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இந்தத் திரியில் எனக்குச் சொல்ல வேண்டியதே இது ஒன்றுதான்.

நமக்கு உண்மையில் வேண்டியது முறுக்கு விசை இல்லை. போல்ட் இழுபட வேண்டும். ஸ்டட் என்பது ரொம்ப விறைப்பான ஒரு ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது ஸ்டட் தலைமுடி அளவுக்கு நீள்கிறது, நீண்டது சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கும் பிடிதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்தி வைக்கிறது. அந்த இழுவையை வெளியிலிருந்து அளக்கச் சுலபமான வழி இல்லை, அதனால் கை கொடுக்கும் முறுக்கை அளந்து, உள்ளே இவ்வளவு இழுபட்டிருக்கும் என்று நம்புகிறோம். நடுவில் உராய்வு என்று ஒரு இடைத்தரகர் இருக்கிறார். நீங்கள் நூறு ரூபாய் கொடுத்தால் நட்டுக்கு அடியில் தேய்மானத்துக்கே ஏறக்குறைய ஐம்பது போய்விடும், மரையில் நாற்பது போய்விடும், போல்ட்டை இழுக்க மிஞ்சுவது பத்து ரூபாய். மேனுவலில் 108 என்று எழுதியவர் இந்தத் தரகரின் பங்கைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறார். கிரீஸ் வைத்தால் தரகர் பங்கு குறையும், மிச்சம் எல்லாம் போல்ட்டின் தலையில் விழும். ரெஞ்ச் அதே 108-ல்தான் க்ளிக் அடிக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது.

தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஸ்டட் 12 மில்லிமீட்டர். முறுக்கை விட்டத்தாலும் (மீட்டரில்), உராய்வுக்காக வைக்கும் கெழு என்ற ஒரு எண்ணாலும் வகுத்தால் இழுவை வரும். காய்ந்த மரைக்கு 0.2 என்று வைப்பது வழக்கம். 108-க்கு 45,000 நியூட்டன், நாலரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஒரே ஒரு ஸ்டட்டில்! நாலு ஸ்டட்டும் சேர்ந்து 18 டன் பிடியில் ஒரு சக்கரத்தை வைத்திருக்கின்றன. நீங்கள் வைத்த 146-ல் அது 6.2 டன் ஆகியிருக்கும். கிரீஸும் வைத்திருந்தால் கெழு 0.14 பக்கம் இறங்கும், 146-க்கு கிட்டத்தட்ட 9 டன். 10.9 கிரேடு (பலத்தைக் காட்டும் தர எண்) எஃகில் செய்த இந்த அளவு ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்குவது ஏழரை டன் வரை. சித்தப்பா கோபப்படக் கூடாது, உங்கள் கை அளவுக்குக் கிரீஸ் பழகியிருக்கலாம், மேனுவல் எண்ணுக்குப் பழகவில்லை.

கை கணக்கு பற்றியும் ஒன்று. வண்டியோடு தரும் வீல் ஸ்பேனர் குட்டையானதுதான். அது 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 37 கிலோ இழுப்பில் 110 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 65 கிலோ ஆள் அதன் நுனியில் ஏறி நின்றால் 190. நம் ஆட்கள் நிற்பதோடு விடுவதில்லை, குதிக்கிறார்கள். ஏர் கன் 400, 500 சர்வசாதாரணமாகத் தரும். பாலக்காட்டு ரோட்டில் நீங்கள் ஏறி நின்றும் கழலாதது ஏன் என்று இப்போது தெரிகிறதா.

ஸ்பேனர் சித்தப்பா எழுதியது:

கோபம் எல்லாம் இல்லை சார். ஒன்பது டன் கணக்கைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். எண்ணெய் மேல் கோபுரம் கட்டுகிறோம் என்கிறான் ஒருத்தன். ஆனால் ஹெட் போல்ட் மரைக்கு ஆயில் தொட்டுத்தானே இறக்குகிறோம், அது மட்டும் எப்படி?

பழைய டீசல் எழுதியது:

நல்ல கேள்வி. அங்கே ஆயில் தொட்டு இறக்கு என்று மேனுவலே சொல்கிறது, எண்ணும் அதற்கேற்பப் போட்டது. ஆயிலோடு என்றால் ஆயிலோடு, சொல்லவில்லை என்றால் காய்ந்தது. தானாக எதையும் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஸ்பார்க் பிளக்கிலும் இதே கதை, இப்போது வரும் பிளக் மரையில் முலாம் பூசித்தான் வருகிறது, அதற்கு மேல் கிரீஸ் தடவாதே என்று பிளக் கம்பெனியே சொல்கிறது.

இந்த உராய்வுத் தரகரிடமிருந்து தப்பிக்கத்தான் ஹெட் போல்ட்டில் கோண முறை வந்தது. 40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் 40 எல்லாவற்றையும் ஒரே அளவில் உட்கார வைக்க மட்டும். அதற்குப் பிறகு கோணம்தான் பேசும். மரையின் பிட்ச் தெரியும், எத்தனை டிகிரி திருப்பினோம் என்று தெரியும், உராய்வு என்னவாக இருந்தாலும் போல்ட் எவ்வளவு நீண்டது என்று சொல்லிவிடலாம். அப்படி வேண்டுமென்றே நீள வைக்கும் போல்ட் வகை ஒன்று உண்டு, அதைத் திரும்பப் போடக் கூடாது.

டோர்ட்முண்ட் தமிழன் எழுதியது:

ரெஞ்ச் சரியா என்று சோதிக்க வழி ஏதும் இருக்கிறதா? என்னுடையதற்குப் பன்னிரண்டு வயது. கராஜில் கொடுத்தால் புது ரெஞ்ச் விலை கேட்கிறார்கள்.

பழைய டீசல் எழுதியது:

அதே ஐஎஸ்ஓ தரத்தில், தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் 12 மாதம் அல்லது 5,000 தடவைக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. வீட்டு உபயோகத்துக்கு நீங்கள் பேரப்பிள்ளை எடுத்தாலும் 5,000 வராது. சுமாராகப் பார்த்துக்கொள்ள நான் செய்வது இது. ரெஞ்ச்சின் சதுர முனையைப் பெஞ்ச் வைஸில் கடிக்க வைத்து, கைப்பிடி தரைக்குச் சமமாக நிற்கும்படி வைக்க வேண்டும். சதுரத்தின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடு வரை டேப் பிடித்து அளக்கவும், 40 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் தண்ணீர் கேன் நிரம்ப இருந்தால், கேனோடு சேர்ந்து 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, வீட்டு எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். 20.7 என்று காட்டினால் 20.7 பெருக்கல் 9.81 பெருக்கல் 0.4, அதாவது 81 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச்சின் சொந்த எடை ஒரு 2 சேர்க்கும். இப்போது ரெஞ்ச்சை 77-ல் வைத்துக் கேனை அந்த நடுவில் கட்டி, ஆடாமல் மெதுவாக விட்டால் க்ளிக் வர வேண்டும். 90-ல் வைத்தால் வரக் கூடாது. இது லேப் அளவு இல்லை, ஆனால் ரெஞ்ச் அடியோடு பொய் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் கைப்பிடியைச் சுழற்றி அளவைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் நசுங்கியபடியே கிடந்து களைத்துப் போகும். கடைசிக் கோட்டுக்குக் கீழேயும் போகாதீர்கள், உள்ளே இருக்கும் கட்டை இடம் மாறிவிடலாம். நட்டைக் கழற்ற ஒருபோதும் இதை எடுக்காதீர்கள், அதற்கு சாக்கெட் மாட்டும் ஒரு நல்ல நீளமான இரும்புக் கைப்பிடி போதும்.

சிங்காநல்லூர் சிட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆனது, வேலை முடித்துவிட்டுத்தான் வரலாம் என்று இருந்தேன்.

சம்ப்பைக் கழற்றி சித்தாபுதூரில் ஒரு லேத்தில் கொடுத்தேன். ஸ்டீல் மரை உட்கார்த்திக் கொடுத்தார். வாங்கி வந்து மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவினேன், மூன்றாவது தடவையும் ஒரு மினுக்கல் தூள் வந்தது, நாலாவதும் கழுவினேன். புது போல்ட், புது வாஷர். பக்கத்துத் தெரு நண்பரிடம் 3/8 ரெஞ்ச் கடன் வாங்கி, அதன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்ததை மனைவியையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, 39 வைத்தேன். வாஷர் நசுங்குவது சித்தப்பா சொன்ன மாதிரியே கையில் தெரிந்தது. அதற்குப் பின் கொஞ்ச தூரத்தில் க்ளிக். ஒரே ஒரு க்ளிக். கீழே அட்டை விரித்து வைத்தேன், மறுநாள் காலை வரை சொட்டு இல்லை.

சக்கரங்களும் ஆயிற்று. ஹப்பைத் தேய்த்து, ஸ்டட்டைத் துணியால் துடைத்து, எல்லா நட்டையும் முதலில் விரலாலேயே போகும் வரை போட்டு, ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்டதும் எதிரெதிராக முதலில் 60, பிறகு 108. மூன்று சக்கரம் சுகம். பாலக்காட்டில் பைப் போட்ட சக்கரத்தில் மட்டும் ஒரு நட்டு விரலால் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஸ்பேனர் வைத்தால் போகிறது, ஆனால் கரகர என்று ஒரு உணர்வு. 108-ல் க்ளிக்கும் வந்துவிட்டது. விட்டுவிடலாமா?

பழைய டீசல் எழுதியது:

விடாதீர்கள். அந்த ஸ்டட் ஏற்கெனவே நீண்டிருக்கிறது, மரையின் இடைவெளி மாறிவிட்டது, அதனால்தான் நட்டு பாதியில் பிடிக்கிறது. அந்தக் கரகரப்புக்கே பாதி முறுக்கு போய்விடும், க்ளிக் வந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டட், நட்டு இரண்டையும் மாற்றுங்கள். ஹோண்டா நட்டின் உட்காரும் முகம் உருண்டை, கடையில் கூம்பு முகம் உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள், பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்பேனர் சித்தப்பா எழுதியது:

மற்ற மூன்று ஸ்டட்டையும் சேர்த்தே மாற்று தம்பி. அவையும் அதே கன்னில் அடி வாங்கியவைதான். பழைய ஸ்டட்டைப் புதுசு பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார், படம் எடுத்துப் போடு.

சிங்காநல்லூர் சிட்டி எழுதியது:

நாளை காலை கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். அதுவரை வண்டி செங்கல் மேல்.